வானிஷ் என்றொரு வினைச்சொல்

"லேட்டா வந்தா மன்னிப்புக் கேட்கணும். அதுவும் இங்கிலீஷ்ல கேட்கணும்!"

கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டான் அவன். தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் கனத்த ஒரு பை. சட்டையில் அங்கங்கே கிரீஸ் கறை.

கரும்பலகை முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்றவளின் கண்கள் இருக்கின்றனவே... அதட்டும்போதுகூடச் சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில், எதற்காக இத்தனை படி ஏறி வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"ஸா... ஸாரி டீச்சர்."

"ம். கடைசி பெஞ்ச். உட்காருங்க."

உட்கார்ந்தான். உண்மையில் அவன் படிக்க வந்தவனே இல்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக். மெஷின் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கத்தான் கதவைத் திறந்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு மாலையில் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் எல்லோருமே வேலை முடித்து, அழுக்குச் சட்டையோடு வருகிறவர்கள்தான். தையல்காரர், காவலாளி, ஆஸ்பத்திரி ஆயா, ஓட்டல் சமையல்காரர்... அதனால் டீச்சருக்குச் சந்தேகம் வரவில்லை.

சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவிடாமல் செய்தது முதலில் அந்தக் கண்கள். அப்புறம், பலகையில் பெரிதாக எழுதியிருந்த சொல். எழுத்துக்கூட்டிப் படித்தான். வானிஷ்.

அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"டிஸப்பியர்னாலும் காணாமப் போறதுதான். ஆனா அது கொஞ்சம் கொஞ்சமாக்கூடப் போகலாம்," என்று டீச்சர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வானிஷ் அப்படி இல்ல. பட்டுனு! இருந்த இடம் தெரியாம! மந்திரவாதி கையில இருக்கிற காசு... வானிஷ். வெயில் வந்ததும் பனி... வானிஷ். பரீட்சைன்னு நான் சொன்னதும் உங்க முகத்துல இருக்கிற சிரிப்பு... பாருங்க, போயே போச்சு! எங்கிருந்து போச்சுன்னு சொல்லணும்னா பக்கத்துல ஃப்ரம் போடணும். ம், ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

"எங்கம்மா வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரர் வானிஷ் டீச்சர்!" என்றாள் ஆயா. வகுப்பே சிரித்தது.

"அதை இங்கிலீஷ்ல சொல்லணும் ஆயாம்மா... சரி, புதுசா வந்தவர் சொல்லட்டும். எழுந்திருங்க."

எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மை பிரதர்... வானிஷ்ட்."

டீச்சரின் புருவம் உயர்ந்தது. "அட! சரியா வருதே. எங்கிருந்து?"

"ஃப்ரம் ஹிஸ் வேன்."

"எப்போ?"

"இன் த மார்னிங்."

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே இவ்வளவு சுத்தமாக ஒருவன் சொன்னால் எந்த டீச்சருக்குத்தான் புரியும்? பலகையில் அதை அப்படியே எழுதி, அடிக்கோடு போட்டு, எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டாள். மை பிரதர் வானிஷ்ட் ஃப்ரம் ஹிஸ் வேன் இன் த மார்னிங். காவலாளியின் கட்டைக் குரலும் ஆயாவின் கீச்சுக் குரலும் சேர்ந்து அறை அதிர்ந்தது. "சத்தம் பத்தல... இன்னொரு தடவை!" மறுபடியும் அதிர்ந்தது.

அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"பாதிக் கதையில நிறுத்திட்டீங்களே... அந்த அண்ணன் எங்கதான் போனார்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"அதைத்தான் டீச்சர் நாங்களும் தேடிட்டு இருக்கோம்."

சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும் சத்தம் அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. அவன் குனிந்து பையை எடுத்துக்கொண்டான்.

"நான் படிக்க வரலைங்க. லிஃப்ட் ரூம் சாவி எங்கேன்னு கேட்கத்தான் வந்தேன்."

* * *

வகுப்பு முடிந்து அவள் இறங்கி வந்தபோது, அவன் லிஃப்டுக்குள் மண்டியிட்டு ஏதோ திருகிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் அவளுக்குத் தப்பு தன் பக்கம் இருந்தால் முதலில் கோபம்தான் வரும்... என்ன செய்வது, பிறவிக் குணம்!

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? என் அண்ணனைக் காணோம், அதனால என்கிட்ட வாக்கியம் கேட்காதீங்கன்னா?"

"நான் உங்களை வகுப்புக்கு வந்தவர்னு நினைச்சேன்."

"நீங்க வாக்கியம் கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வாக்கியம் அதுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை பேரை உட்காரவைத்து அந்த மனிதனின் துக்கத்தைக் கோரஸ் பாட வைத்திருக்கிறோம்... சத்தம் பத்தவில்லை என்று வேறு சொன்னோமே! கண் கலங்கிவிட்டது.

"ஸாரி," என்றாள் மெல்ல.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இங்கிலீஷ்லயே கேட்டுட்டீங்க. அப்போ சரி."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அவனும் லேசாகச் சிரித்தான். பிறகு, கையைத் துணியில் துடைத்தபடி அவனே சொன்னான். அண்ணன் கடைகளுக்கு ரொட்டி போடும் வேன் ஓட்டுகிறவன். போன வருஷம் ஒரு நாள் காலையில் ஒரு கடை வாசலில் வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. ரொட்டித் தட்டு பாதி இறங்கி, பாதி இறங்காமல் இருந்தது. ஆளை மட்டும் காணவில்லை. விசாரித்த போலீஸ் அதிகாரி கடைசியாக வானிஷ்ட் என்ற அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் விரித்தார். அதோடு சரி.

"கோவிச்சுக்கிட்டு எங்கேயாவது..."

"போறவன் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போவான் டீச்சர். எங்க அண்ணன் டீசலை வீணாக்கறவன் இல்ல."



"நீங்க வகுப்புக்கு வாங்க," என்றாள். "ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் போன் போட்டு எப்படி விசாரிக்கணும்னு நான் சொல்லித் தரேன். இந்த ஊர் அதிகாரிங்களுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ்ல கேட்டாத்தான் பதிலே சொல்றாங்க."

"லேட்டா வந்தா?"

"படியில நிக்க வைப்பேன்."

* * *

வந்தான். ஒரு நாள் தவறாமல் வந்தான்.

மற்ற காதலர்களாக இருந்தால் நிலாவையும் பூவையும் பேசியிருப்பார்கள். இவர்கள் பேசியதெல்லாம் உயரம், நிறம், தழும்பு, கடைசியாகப் போட்டிருந்த சட்டை... "காலர் போன்னா கழுத்துப்பட்டை எலும்பு. அண்ணனுக்கு அது உடைஞ்சு சேர்ந்திருக்குன்னு சொன்னீங்கள்ல, அதை இப்படிச் சொல்லணும்," என்று அவள் தன் தோளைத் தொட்டுக் காட்டுவாள். அவன் பார்வை அந்தத் தோளில் ஒரு நொடி தங்கிவிட்டுச் சட்டென்று பலகைக்கு ஓடும். ஐயோ, என்ன மனுஷன் நான், எதைப் படிக்கும்போது எதைப் பார்க்கிறேன் என்று அவனுக்கே அவமானமாக இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் லிஃப்டில் ஒன்றாக இறங்குவார்கள். ஒரு நாள் கதவு மூடும் நேரத்தில் அவள் அவசரமாகக் கையை நீட்டினாள். கதவு பின்வாங்கியது.

"பயப்படாதீங்க. கதவுக்குக் கண் இருக்கு. குறுக்க யாராவது இருந்தா மூடாது."

"கதவுக்கே கண் இருக்கு... சில பேருக்குத்தான் இல்ல."

"யாரைச் சொல்றீங்க?"

"லிஃப்டைச் சொன்னேன்!"

அவள் காது மடல் வரை சிவந்துவிட்டது. மழை நாட்களில் அவள் குடையை விரிப்பாள். அவன் நனைந்தபடி அரை அடி தள்ளி நடப்பான். "உள்ள வாங்களேன், கடிச்சிட மாட்டேன்," என்பாள். "சட்டையெல்லாம் கிரீஸ் டீச்சர்," என்பான். கிரீஸ் ஒரு சாக்குதான். சந்தோஷமாக ஒரு குடைக்குள் நடக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவன் நினைத்தான். அவளுக்கும் அது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான். "அம்மாவுக்கும் ஒரே ஒரு வாக்கியம் கத்துக்கணுமாம். என் பையனைப் பார்த்தீங்களான்னு கேட்கறதுக்கு."

இரண்டே அறை, பின்னால் ஒரு சிறிய சமையலறை. ஓர் அறையில் அம்மாவின் தையல் மெஷின், வெட்டிப்போட்ட தலையணை உறைகள். இன்னோர் அறையில் அண்ணனின் கட்டில். மடிப்புக் கலையாத விரிப்பு, தேய்த்து மடித்த ஒரு சட்டை. கட்டிலுக்குக் கீழே தரையில் சுருட்டிவைத்த ஒரு பாய். அந்தப் பாய் யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா அம்மா?"

"ரெண்டு பேரும் இல்லம்மா. ஒரே அண்ணன். கல்யாணமாகித் தனியா இருக்கார். நான் ஹாஸ்டல்ல இருக்கேன்."

"அப்படியா..." அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, மாதக்கணக்கில் சிரிக்காத அந்த முகம் மெல்ல மலர்ந்தது. "என் பெரியவனுக்கு உன்னை மாதிரி ஒருத்தியைத்தான்மா தேடிட்டு இருந்தேன். அவன் வரட்டும். வந்ததும் முதல் வேலை அதுதான். அவனுக்கு உன்னைப் பிடிக்கும் பாரு. எனக்குத் தெரியும் என் பிள்ளையை."

அவள் சட்டென்று திரும்பினாள். இந்தப் பக்கம் சமையலறை வாசலில், டீ தம்ளர்களோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏண்டா மரம் மாதிரி நிக்கறே? அண்ணிக்கு டீ குடுடா!"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் சிரிப்பைப் பார்த்தான். பிறகு, குனிந்து தம்ளரை நீட்டினான்.

"எடுத்துக்கோங்க... அண்ணி."

* * *

படியில் இறங்கும்போது அவள் வெடித்துவிட்டாள்.

"இன்னொரு தடவை என்னை அப்படிக் கூப்பிட்டீங்க... என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது!"

"அம்மா சிரிச்சாங்க டீச்சர். அண்ணன் போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் சிரிச்சாங்க. அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அப்போ நான் உங்களுக்கு யாரு?"

அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாயில கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

"அண்ணன் வரட்டும்."

"வரலைன்னா?"

கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா? கோபத்தில் இன்னும் ஒன்று சேர்ந்து வந்தது.

"அந்த வீட்டுல காணாமப் போனது உங்க அண்ணன் மட்டும் இல்ல. நீங்களும்தான். அம்மாவுக்கு அது தெரியல, பாவம். உங்களுக்குமா தெரியல?"

குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கி நடந்தாள். கூப்பிடுவான், கூப்பிடுவான் என்று தெருமுனை வரை காதைத் தீட்டிக்கொண்டு போனாள். கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் அவன் வகுப்புக்கு வரவில்லை. கடைசி பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று தினமும் நினைப்பாள், தினமும் பார்ப்பாள். அந்தப் பாழாய்ப்போன லிஃப்டாவது நின்று தொலையாதா என்றால், அவன் கைபட்ட பிறகு அது ஒரு குறையும் சொல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆயா ஒரு நாள் பக்கத்தில் வந்து, "மெக்கானிக் தம்பி எங்க டீச்சர், வானிஷ் ஆயிட்டாரா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழித்த இடத்தையே அழித்துக்கொண்டிருந்தாள்.

* * *

ஒரு மத்தியானம், வகுப்புக்கு யாரும் வந்திராத நேரத்தில், கதவு திறந்தது.

இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"டீச்சர்... ஒரு ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. பாதிதான் புரிஞ்சுது." "ஆத்துல கிடைச்ச ஆளாம். பிணவறைக்கு வந்து பார்க்கச் சொன்னாங்க. காலர் போன்னு சொன்னாங்க... அது புரிஞ்சுது."

அவள் சொல்லிக்கொடுத்த சொல். அது இப்படியா திரும்பி வரவேண்டும்...

"அம்மாகிட்ட?"

"சொல்லல. அங்கே கேட்கறதுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. வருவீங்களா?"

கோபம், ரோஷம் எல்லாம் எங்கே போயிற்றோ. சாக்பீஸை வைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. நீளமான ஒரு தாழ்வாரம், மருந்து நெடி, பச்சை வண்ணம் அடித்த இரட்டைக் கதவு. அங்கிருந்த அதிகாரி களைத்த மனிதர். இங்கிலீஷில் கேட்டார், அவள் தமிழில் சொன்னாள். அவன் தமிழில் சொன்னான், அவள் இங்கிலீஷில் சொன்னாள். அண்ணனின் வயது, உயரம், எந்தப் பக்கத்து எலும்பு, எப்போது உடைந்தது... அவள் குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"நீங்கள் இவருக்கு மனைவியா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை," என்றாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவனுக்குத் தமிழில் சொல்லவில்லை.

ரத்த சம்பந்தம் உள்ளவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். கதவருகே போனவன் திரும்பி அவளைப் பார்த்தான். கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. அவள் சுவரில் சாய்ந்து கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவன் தலையை மட்டும் அசைத்தான்.

"அவன் இல்ல."

அதிகாரியிடம் அவள் அதைச் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, இன்னொரு அறைக்குப் போய்விட்டார். யாரோ ஒரு தாயின் பிள்ளை, பெயர் தெரியாமல் உள்ளேயே கிடந்தான்.

வெளியே மழை பிடித்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்ச். அவன் அதில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா வேண்டாமா என்று தவித்தாள்.

"அழாதீங்க... நல்லவேளை, அவர் இல்ல. இன்னும் நம்பிக்கை இருக்கு."

"நல்லவேளைன்னு சொல்லாதீங்க!"

அவன் கத்தியதில் அவள் திடுக்கிட்டாள்.

"உங்களுக்குத் தெரியாது டீச்சர். துணியை எடுக்கறதுக்கு முன்னாடி நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" குரல் உடைந்தது. "அவனா இருக்கணும்னு வேண்டினேன். என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டவன். எனக்காகப் படிப்பை விட்டுட்டு வேன் ஓட்டப் போனவன். அவன் செத்திருக்கணும்னு வேண்டினேன்! அம்மா ஒரு தடவை அழுது முடிச்சிடுவாங்க... அவனுக்குன்னு போட்டு வச்ச கட்டிலை எடுத்துடலாம்... அப்புறம் நான் உங்ககிட்ட வந்து, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லலாம்னு... அந்த முகத்தைப் பார்த்ததும், ஐயோ இவன் இல்லையேன்னு... ஏமாந்து போனேன் டீச்சர். நான் மனுஷனா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. எழுந்து போய்விடுவாள், போகட்டும், போவதுதான் நியாயம் என்று அவன் நினைத்தான்.

"நான் வெளியில நின்னேன்ல..." என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன்."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"நான் அவரைப் பார்த்ததுகூட இல்ல. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுஷன். அவரா இருக்கட்டும் கடவுளேன்னு கண்ணை மூடிக் கேட்டேன். உங்களுக்காக. இல்ல, பொய்... எனக்காகத்தான்."

இதைவிடக் கேவலமான வார்த்தைகளில் ஒரு பெண் தன் காதலைச் சொல்லியிருக்க முடியாது. சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து, தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரீஸ் ஏறிய அவன் விரல்கள் வந்து அவள் கையைப் பற்றின. அவள் விலக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா. வழக்கம்போல முதல் அடியிலேயே எடுத்தான்.

"எங்கடா இருக்கே? அண்ணனைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது. எப்போது பேசினாலும் அந்தக் குரல் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அம்மா... நானும் டீச்சரும் வீட்டுக்கு வரோம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அண்ணனைப் பத்தியா?"

"இல்லம்மா." அவள் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான். "என்னைப் பத்தி."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. பிறகு அம்மா, ரொம்ப நாள் பார்க்காத யாரையோ விசாரிப்பது போலக் கேட்டாள்.

"உன்னைப் பத்தியா? ...ஏண்டா, சாப்பிட்டியா நீ?"